ஆல்டர் குறைக்கும் சார்ட்டர் எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செயல்முறை மேம்பாட்டு வேலை மூன்றாம் மாதம் நின்றுபோனால் எல்லோரும் குழுவைத்தான் குறை சொல்வார்கள். தேடிப் பார்த்தால் பழுது பெரும்பாலும் முதல் வாரம் எழுதிய ஒற்றைத் தாளில், அதாவது வேலையைத் தொடங்க அதிகாரம் தரும் ப்ராஜெக்ட் சார்ட்டரில், ஒன்றிரண்டு வரியில் இருக்கும். பழுது ஓரிடம், வலி வேறிடம்.

உதாரணம் முழுக்க ஒன்றுதான். திருப்பூர் பனியன் கம்பெனியின் தையல் பிரிவு. நான்கு பவர்டேபிள் லைன் (மோட்டார் தையல் மெஷின் வரிசை). நாளுக்கு 6,000 ரவுண்ட் நெக் டி-சர்ட். கடைசி செக்கிங்கில் 100க்கு 11 பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைப்பதற்கு, திரும்புகிறது. அதைக் குறைக்க எழுதிய சார்ட்டர் இது. எண்கள் கணக்குப் போட்டுக் காட்ட வைத்தவை, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காரணங்கள் செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகின்றன. மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள், தாவ வேண்டாம்.

அறிகுறி 1: கையெழுத்துக்குப் போன தாள் திரும்பி வரவில்லை

*தாள் நீளம்.* ஒரு ஏ4 பக்கத்துக்கு மேல் போனால் முதலாளி மேஜையில் அது "அப்புறம் பார்க்கலாம்" அடுக்குக்குப் போய்விடும். பிரச்சினை, இலக்கு, எல்லை, ஆட்கள், தேதி, பணம் ஆகிய ஆறும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். மீதியை இணைப்பாக வையுங்கள். செலவு: அரை மணி நேரம்.

*முதன்முதலாக டைப் செய்த வடிவில்தான் பார்க்கிறார்.* டைப் செய்து ஃபைல் போட்டுக் கொடுத்த தாளில் யாரும் திருத்த மாட்டார்கள், ஓரமாக வைத்துவிடுவார்கள். பென்சிலில் எழுதிய வரைவோடு 15 நிமிடம் போய் உட்காருங்கள். கேட்க வேண்டியவை மூன்று: இந்த எண்ணை நம்புகிறீர்களா? இது முடிந்தால் உங்களுக்கு என்ன மாறும்? இதற்கு யாரை விட்டுக்கொடுப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் கையெழுத்தும் வராது.

*தாள் தவறான ஆளிடம் போயிருக்கிறது.* இதுதான் அடிக்கடி நடப்பது. சார்ட்டர் ஓர் அதிகாரத் தாள். திட்டத்தைத் தொடங்கிவைப்பவரோ ஸ்பான்சரோ (வேலைக்கு ஆளும் பணமும் விடும் மேலதிகாரி) கொடுப்பது, கம்பெனியின் ஆளையும் பொருளையும் பயன்படுத்த ப்ராஜெக்ட் மேனேஜருக்கு, இங்கே டீம் லீடருக்கு, உரிமை தருவது என்றுதான் அமெரிக்காவின் பி.எம்.ஐ. என்ற திட்ட மேலாண்மை அமைப்பும் அதை வரையறுக்கிறது. ஆகவே சோதனை எளிது: இவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால், வேறு யாரையும் கேட்காமல் ஒரு டைலரை லைனை விட்டு 2 மணி நேரம் எடுக்க முடியுமா? முடியாது என்றால் இவர் ஸ்பான்சர் இல்லை. குவாலிட்டி மேனேஜரை ஸ்பான்சராகப் போட்டுவிட்டு ப்ரொடக்ஷன் மேனேஜரின் ஆட்களைக் கேட்பது வழக்கமான தப்பு. இருவருக்கும் மேலே உள்ளவரிடம் போங்கள்.

மூன்றையும் சரிசெய்து இரண்டு வாரம் ஆகியும் தாள் அசையவில்லையா? அவருக்கு இந்த வேலை வேண்டாம் என்று பொருள். நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு சார்ட்டரை எடுத்து ஓரமாக வையுங்கள்.

அறிகுறி 2: முதல் கூட்டத்திலேயே குழு தீர்வைப் பேசுகிறது

"டைலர்களுக்குப் பயிற்சி இல்லாததால் ஆல்டர் அதிகமாக உள்ளது" என்று பிரச்சினை வரி எழுதியிருப்பார்கள். தீர்வு அதிலேயே உட்கார்ந்திருக்கிறது: பயிற்சி கொடு. அப்புறம் குழு எதைத் தேடும்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதைப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பிரச்சினை வரியில் "ஆல்" என்று முடியும் சொல்லைத் தேடுங்கள்: இல்லாததால், குறைவால், கவனக்குறைவால், பழுதால். "காரணமாக", "போதாமை", "இன்மை" ஆகியவையும் இதே கூட்டம்தான். எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடியுங்கள். அடித்த பிறகு மிஞ்சுவது "ஆல்டர் அதிகமாக உள்ளது" என்பது மட்டும். எவ்வளவு, எங்கே, எப்போதிலிருந்து, யாருக்கு என்ன நஷ்டம் என்று அதைக் கேட்டு நிரப்புங்கள்:

"பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, நான்கு லைனிலும் ரவுண்ட் நெக் டி-சர்ட்டில், கடைசி செக்கிங்கில் 100க்கு 11 பீஸ் ஆல்டருக்குத் திரும்பியது. அதில் பாதிக்கு மேல் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) தைக்கும் இடத்தில். நாளுக்கு 660 பீஸ் இரண்டு முறை தைத்து இரண்டு முறை செக் செய்யப்படுகிறது."

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், கழுத்தோரம் தையலை ஒட்டி வரும் ஊசி ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய ஊசி, பின்னல் துணிக்கு ஆகாத கூர்முனை ஊசி, துணிக்குத் தேவைக்கு மேல் பருத்த ஊசி, சாஃப்ட்னர் போதாமல் வறண்டுபோன துணி என நான்கிலும் ஓட்டை விழும். நான்கில் எதையும் டைலர் பயிற்சி சரிசெய்யாது. "பயிற்சி இல்லாததால்" என்று எழுதிய குழு ஊசி டப்பாவைத் திறந்தே பார்த்திருக்காது.

இலக்கு வரிக்கும் ஒரு சோதனை உண்டு. "ஆல்டரைக் குறைத்தல்", "தரத்தை மேம்படுத்துதல்" என்று "தல்" போட்டு முடிந்தால் அது இலக்கு இல்லை, தலைப்பு. அந்த வரியில் ஆளும் இல்லை, நாளும் இல்லை, அளவும் இல்லை. "100க்கு 11ஐ ஆகஸ்ட் 31க்குள் 6 ஆக்குவது" என்று எழுதுங்கள். "நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற வரிகளையும் விடாதீர்கள். "படும்" வந்த இடத்திலெல்லாம் செய்கிற ஆளின் பெயர் விட்டுப்போயிருக்கும்.

இந்த அறிகுறிக்கு வெளி ஆள் தேவையில்லை. சிவப்புப் பேனா போதும்.

ஒரு விதிவிலக்கு: காரணம் உண்மையிலேயே எல்லோருக்கும் தெரிந்து, சரிசெய்ய ஒரு வாரமும் கொஞ்சம் பணமும் போதுமென்றால் சார்ட்டரைக் கிழித்துவிட்டு நேரே வேலையைச் செய்யுங்கள். மழுங்கிய ஊசியை மாற்ற ஸ்பான்சர் கையெழுத்து எதற்கு?

அறிகுறி 3: இன்றைய நிலை என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண்

குவாலிட்டி 11 என்கிறது. ஆர்டர் கொடுக்கும் கம்பெனியோடு (பையரோடு) பேசும் மெர்ச்சண்டைசர் 16 என்கிறார். லைன் சூப்பர்வைசர் 7க்கு மேல் இல்லை என்று அடித்துச் சொல்கிறார். சண்டை போட வைக்காதீர்கள். பல சமயம் மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

*எண்ணுவது பீஸையா, குறையையா?* 100 பீஸில் 11 பீஸ் பழுது. ஆனால் ஒரு பீஸிலேயே இரண்டு, மூன்று குறை இருக்கலாம், மொத்தம் 16 குறை. குவாலிட்டி பழுதான பீஸை எண்ணுகிறது, மெர்ச்சண்டைசர் டி.எச்.யூ., அதாவது 100 பீஸுக்கு எத்தனை குறை என்று பார்க்கிறார். எதை எடுத்தாலும் சரி, சார்ட்டரில் ஒன்றை மட்டும் எழுதி, பக்கத்திலேயே எப்படிக் கணக்கிட்டது என்றும் எழுதுங்கள்: "ஆல்டருக்குத் திரும்பிய பீஸ் ÷ செக் செய்த பீஸ் × 100". செலவு: ஐந்து நிமிடம்.

*எந்த இடத்தில் எண்ணுகிறார்கள்?* சூப்பர்வைசரின் 7 எங்கிருந்து வந்தது? லைன் கடைசியில் கைமடி (டைலருக்கு உதவும் ஆள்) தன் கண்ணில் பட்ட பழுதான பீஸை அங்கேயே திருப்பிக் கொடுத்து, டைலர் ட்ரிம்மரால் தையலைப் பிரித்து மறுபடி தைத்துவிடுகிறார். அதையெல்லாம் சரியான பீஸாகவே சூப்பர்வைசர் எழுதிக்கொள்கிறார். இப்படி லைனுக்குள்ளேயே மறைந்துபோகும் ஆல்டர் எந்த ரிஜிஸ்டரிலும் வராது. ஒரு நோட்டோடு கழுத்து ரிப் தைக்கும் மெஷின் பக்கத்தில் 2 மணி நேரம் நின்று, எத்தனை முறை தையல் பிரிக்கப்படுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை. 11 என்பதே குறைவான கணக்கு என்று தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

*எந்த மாதம்?* ஜனவரியை அடிப்படையாக எடுக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும்வரை லைனில் ஆள் குறைவு, இருப்பவர்களும் மாற்று மெஷினில். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இதே கதை. சாதாரணமாக ஓடிய 8 முதல் 12 வாரத்தை எடுத்து, வாரவாரியாக எண்ணைப் போட்டு ஒரு கோடு வரையுங்கள். கோடு எங்காவது திடீரென்று ஏறியிருந்தால் அந்த வாரம் என்ன ஸ்டைல் ஓடியது என்று பாருங்கள். போலோ சட்டையையும் ரவுண்ட் நெக்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத எண்தான் வரும்.

*செக்கர்கள் கண் ஒன்றாக இல்லை.* மேலே மூன்றும் சரியென்றால்தான் இதற்கு வாருங்கள், ஒரு நாள் வேலை பிடிக்கும். 30 பீஸ் எடுங்கள்: 10 நல்லது, 10 தெளிவாகப் பழுது, 10 இரண்டுங்கெட்டான். உள்பக்கம் எண் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்று செக்கர்களிடம் தனித்தனியே கொடுத்து பாஸ், ஆல்டர் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் வரிசையைக் கலைத்து அதே 30ஐ மறுபடி கொடுங்கள். ஒவ்வொருவரும் 30இல் எத்தனையில் தன் நேற்றைய தீர்ப்போடு ஒத்துப்போகிறார்? 27க்குக் கீழே, அதாவது 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உங்கள் 11 என்பதற்கு அர்த்தமே இல்லை. டேபிளுக்கு மேலே உள்ள விளக்கு, பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிள், குறை விளக்கப் படம் ஆகிய மூன்றையும் சரிசெய்து மறுபடி செய்யுங்கள். அதுவரை சார்ட்டரில் அடிப்படை எண் இடத்தைக் காலியாக விட்டு, "அளவு சரிபார்ப்பில்" என்று எழுதுவதில் தவறில்லை. பொய் எண்ணுக்குக் காலியிடம் மேல்.

*ஆள் கூப்பிடும் இடம்:* இரண்டு முறை செய்தும் 90ஐத் தொடவில்லை. அல்லது சர்ச்சை கண்ணால் பார்ப்பதில் இல்லாமல் நிறம், துணி எடை போன்ற கருவி அளவில். அப்போது அளவீட்டு ஆய்வு தெரிந்த புள்ளியியல் ஆளோ, சிக்ஸ் சிக்மாவில் (புள்ளிவிவரம் கொண்டு குறையைக் குறைக்கும் முறை) பிளாக் பெல்ட் என்ற உயர் நிலையில் கைப்பழக்கம் உள்ளவரோ வேண்டும். இரண்டு நாள் கூலி கொடுத்தாலும் லாபம்தான்.

அறிகுறி 4: சேமிப்புக் கணக்கை அக்கவுண்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை

சார்ட்டரில் இப்படி இருக்கும்: ஆல்டர் ஒன்றுக்கு ரூ.6 செலவு. 11லிருந்து 6க்கு வந்தால் நாளுக்கு 300 பீஸ் மிச்சம், ரூ.1,800. மாதம் 26 நாளுக்கு ரூ.46,800. வருடத்துக்கு ரூ.5,61,600.

அக்கவுண்டன்ட் ஒரே கேள்வி கேட்பார்: "ஆல்டர் டைலர் ஷிப்ட் சம்பளம்தானே வாங்குகிறார்? அவரை நிறுத்தப் போகிறீர்களா?" நிறுத்தப் போவதில்லை. அப்படியென்றால் ரூ.6இல் கூலிப் பங்கு கையில் வராது. நேரம்தான் மிச்சம். நேரம் மிச்சமாவது நல்லதுதான், ஆனால் அது பேங்க் பாஸ்புக்கில் ஏறாது.

*முதல் திருத்தம், பைசா செலவில்லை:* கணக்கை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒன்றில் நிஜப் பணம்: குறையும் ஓவர்டைம், குறையும் ரிஜெக்ட், ஷிப்மென்ட் தவறி விமானத்தில் அனுப்பும் செலவு. மற்றதில் மிச்சமாகும் நேரம், எடுக்கக்கூடிய கூடுதல் ஆர்டர். முதல் பத்தியில் மட்டும் அக்கவுண்ட்ஸின் கையெழுத்து வாங்குங்கள்.

*இரண்டாவது, அரை நாள்:* ரிஜெக்ட் மூட்டையைக் கொட்டிப் பாருங்கள். ஆல்டர் எல்லோர் கண்ணிலும் படும், டேபிளில் மலைபோலக் கிடக்கும். திருத்தவே முடியாத பீஸ் சத்தமில்லாமல் மூட்டைக்குப் போய், செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) வாங்குகிறவரிடம் கிடைத்த விலைக்கு நகர்ந்துவிடும். 6,000இல் 1.5 சதவீதம் என்றால் 90 பீஸ். அடக்கம் ரூ.140, செகண்ட்ஸ் விலை ரூ.40 என்றால் பீஸுக்கு ரூ.100 நஷ்டம், நாளுக்கு ரூ.9,000. இப்போது மூட்டையைப் பிரியுங்கள்: துணி ஓட்டை, சாயக் கறை, ப்ரிண்ட் பிசகு, ஊசி ஓட்டை, ஆயில் கறை. முதல் மூன்று தையல் பிரிவின் கணக்கில்லை, தொடாதீர்கள். கடைசி இரண்டில் மட்டும் 50 பீஸ் தேறினால், அதை 20 ஆக்குவது நாளுக்கு ரூ.3,000. மாதம் ரூ.78,000, வருடம் ரூ.9,36,000. ஆல்டரில் கண்டதைவிடக் கூட, அத்தனையும் நிஜப் பணம். இந்த அரை நாள் வேலையைச் செய்யாமல் எழுதிய சார்ட்டர் தப்பான குறையைத் துரத்தும்.

*மூன்றாவது:* ரூ.6, ரூ.140 எல்லாம் யார் சொன்னது? காஸ்டிங் ஷீட்டிலிருந்து எடுத்தீர்களா, வாய்வழியா? விவாதம் இந்த அடக்க விலையிலேயே சுற்றினால் காஸ்ட் அக்கவுண்டன்ட்டைக் கூப்பிடுங்கள். டீம் லீடர் தீர்க்கக்கூடிய விஷயமில்லை.

அறிகுறி 5: வாரத்துக்கு ஒன்றாக வேலை பெருகுகிறது

முதலில் ஆல்டர். பிறகு "அப்படியே அயர்னிங்கையும் பார்த்துவிடுங்கள்". பிறகு கட்டிங் வேஸ்ட். மூன்றாம் வாரம் டையிங்.

எல்லையைப் பிரிவின் பெயரால் எழுதியிருந்தால் இது நடக்கும். "தையல் பிரிவு" என்பது ஆளுக்கு ஒரு இடத்தில் முடிகிறது. தொடங்கும் செயலையும் முடியும் செயலையும் எழுதுங்கள்: "கட்டிங் பண்டல் லைனில் இறங்குவது முதல், செக் ஆன பீஸ் அயர்னிங்குக்குப் போவது வரை." கீழே "இதில் சேராதவை" என்று தனி வரி போட்டு நிட்டிங், டையிங், ப்ரிண்டிங், எம்பிராய்டரி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சேர்ந்தவற்றை மட்டும் எழுதினால் போதாது, எழுதாததெல்லாம் சேர்ந்ததாகவே பார்க்கப்படும்.

அடுத்த தடுப்பு: புதிதாக ஒன்று சேர்த்தால் முடிவுத் தேதி எத்தனை நாள் தள்ளும் என்று அதே வரியில் எழுதி ஸ்பான்சரிடம் கையெழுத்து கேளுங்கள். பாதி கோரிக்கை அங்கேயே அடங்கிவிடும்.

உண்மைக் காரணமே எல்லைக்கு வெளியே இருந்தால்? துணி வறட்சி டையிங்கில் வருகிறது, டையிங் வெளியே ஜாப் வொர்க்கில் நடக்கிறது என்று வையுங்கள். லாட் எண், சாம்பிள், தேதியோடு எழுதிக் கொடுப்பதுவரை உங்கள் வேலை, சரிசெய்வது இல்லை. இரு தரப்பும் மறுத்தால் துணியை டெஸ்டிங் லேபுக்கு அனுப்புங்கள். வாயால் பேசித் தீராது.

அறிகுறி 6: கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை

பெயருக்குப் பக்கத்தில் மணி எழுதியிருக்கிறதா பாருங்கள். "குழு உறுப்பினர்" என்றால் ஒன்றுமில்லை. "வாரம் 3 மணி, செவ்வாய் மதியம் 2 முதல் 5, அந்நேரம் மெஷினில் மாற்று ஆள் உண்டு" என்றால் அது உறுதி.

அதுவும் இருந்து வரவில்லையென்றால் கூலியைப் பாருங்கள். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்தால் அன்றைய சம்பாத்தியத்தில் மூன்று மணி போச்சு. அவர் எதற்கு வர வேண்டும்? கடந்த நான்கு வாரச் சராசரியில் மணிக் கூலி போட்டுக் கொடுப்பதாகச் சார்ட்டரிலேயே ஒரு செலவு வரி வையுங்கள். காண்ட்ராக்ட்காரர் மூலம் வந்தவர் என்றால் காண்ட்ராக்ட்காரரிடமும் பேசியாக வேண்டும். கழுத்து ரிப் தைக்கும் டைலர் இல்லாமல் கழுத்து ரிப்பைப் பற்றிப் பேசும் குழு, டீ குடித்துவிட்டுக் கலையும்.

அறிகுறி 7: எண் இறங்கிவிட்டது, பையர் புகார் ஏறிவிட்டது

ஒற்றை இலக்கு வைத்தால் செக்கர் கண்ணை மூடிக்கொண்டாலே இலக்கு எட்டிவிடும். சார்ட்டரில் எதிர் அளவு ஒன்று கட்டாயம் வேண்டும். இங்கே அது பையரின் கடைசி இன்ஸ்பெக்ஷன். சாம்பிள் எடுப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி, பொது ஆய்வு நிலை 2இல், 3,201 முதல் 10,000 பீஸ் வரையிலான லாட்டுக்கு 200 பீஸ் எடுப்பார்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 என்றால் 10 பழுது வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். "ஆல்டர் 6க்கு இறங்கும், அதே காலத்தில் 200 பீஸ் சாம்பிளில் காணும் பழுது இப்போதைய சராசரியைவிட ஏறாது, லைனின் மணி உற்பத்தியும் குறையாது" என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு அளவு இறங்கி இன்னொன்று ஏறினால் அன்றைக்கே நிறுத்தி, அறிகுறி 3இன் செக்கர் சோதனைக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 8: தேதி இரண்டு முறை தள்ளிவிட்டது

முதல் முறை தள்ளினால் நாட்காட்டியைப் பாருங்கள்: சோதனை ஓட்டத்தை ஷிப்மென்ட் வாரத்தில் வைத்திருப்பீர்கள். மெர்ச்சண்டைசரிடம் அடுத்த நான்கு மாத ஷிப்மென்ட் தேதிகளை வாங்கி மறுபடி போடுங்கள். முடிவுத் தேதி ஒன்றை மட்டும் போடாமல் வரையறு, அள, அலசு, மேம்படுத்து, நிலைநிறுத்து என்று ஐந்து கட்டத்துக்கும் தனித்தனித் தேதி வையுங்கள். எந்தக் கட்டத்தில் சிக்கியது என்று அப்போதுதான் தெரியும்.

அளக்கும் கட்டத்தில் சிக்கினால் அறிகுறி 3. மேம்படுத்தும் கட்டத்தில் சிக்கினால் 1 அல்லது 6. அலசும் கட்டத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நின்று, ஊசி, துணி, வேகம், நூல் இழுவிசை என்று பல காரணம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால் சோதனை வடிவமைப்பு (பல காரணங்களைச் சேர்த்து மாற்றிச் சோதிக்கும் முறை) தெரிந்த வெளி ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிடும் முன் அறிகுறி 4இன் நிஜப் பணப் பத்தியைப் பாருங்கள். அவர் கூலி அதில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசியுங்கள்.

மூன்றாம் முறையும் தள்ளினால் புதுத் தேதி போடாதீர்கள். தாளின் மேலே "நிறுத்தப்பட்டது" என்று எழுதி, தேதி, கடைசியாக அளந்த எண், ரிஜிஸ்டர் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் குறித்து, ஸ்பான்சரின் கையெழுத்தோடு ஃபைலில் போடுங்கள்.